எட்டும் எச்சும்

எம்.80 என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு அது பால்காரரின் வண்டி. கேரளத்தில் மீன்காரரின் வண்டி. பின்னால் கட்டிய பெட்டியும், தெருமுனையிலேயே கேட்டுவிடும் ஹாரனுமாக வரும். ஆனால் திருவனந்தபுரத்திலும் கேரளத்தின் மற்ற ஊர்களிலும் அதற்கு இன்னோர் உத்தியோகம் இருந்தது: ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் எட்டு போடுவது. வீட்டு வாசலில் புல்லட் நின்றாலும் பல்சர் நின்றாலும், முட்டத்தரை மைதானத்தில் பெயர் கூப்பிட்டதும் பலரும் ஏறி உட்கார்ந்தது டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்து நிறுத்திய பழைய எம்.80-இல்தான். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்த உத்தியோகம் பறிபோனது. குறைந்தது 95 சி.சி. எஞ்சினும், காலால் மாற்றும் கியரும் உள்ள வண்டியில்தான் இனி தேர்வு என்று கேரள மோட்டார் வாகனத் துறை முடிவெடுத்தது. எம்.80-க்கு எஞ்சினும் போதாது, கியர் இருக்கும் இடமும் சரியில்லை.

மைதானத்தில் அதற்கு இருந்த செல்வாக்குக்குக் காரணம் எளிது. உயரம் குறைவு, எடையும் குறைவு. எழுபத்தைந்து சி.சி. எஞ்சின், முதல் கியரில் நடை வேகத்திலும் அணைந்துவிடாமல் நகரும். கிளட்ச்சும் கியரும் இடது கைப்பிடியிலேயே இருக்கும். அழுத்திப் பிடித்துத் திருகினால் கியர் விழும். காலுக்கு பிரேக்கைத் தவிர வேறு வேலை இல்லை. எட்டு போடுவது என்பதே காலைத் தரையில் ஊன்றாமல் இரண்டு வளையங்களையும் சுற்றி வருவதுதான். அதற்கென்றே செய்ததுபோல ஒரு வண்டி கிடைக்கும்போது யார் விடுவார்கள்?

சிக்கல் தேர்வுக்குப் பிறகு இருந்தது. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் அந்த இளைஞர் ஏறி உட்காரும் மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலடியில் இருக்கிறது. எஞ்சின் இரண்டு மடங்கு, வேகமும் அப்படியே. 1986-இல் பஜாஜ் அறிமுகப்படுத்திய எம்.80 கடைகளிலிருந்து மறைந்து பல வருடங்கள் ஆனபின்பும், மைதானத்தில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, சாலையில் ஓட்டப்போகிற வண்டிக்கும் தேர்வில் ஓட்டிக் காட்டுகிற வண்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது. துறையின் முடிவில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது கேரளத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இடது மணிக்கட்டு ஒருமுறை தானாகத் திரும்பியிருக்கும்.

முதலில் ஓட்டக் கற்ற வண்டி மனதில் தங்குவதைவிட அதிகமாகக் கை, கால்களில் தங்குகிறது. திருவனந்தபுரம் போன்ற ஊரில் அந்தப் பழக்கம் சீக்கிரம் அம்பலமாகிவிடும். ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. பெருமை நடந்து போகிறவருக்கு. கிளட்ச்சைக் கற்றுக்கொள்கிறவருக்கு அது தண்டனை. பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி. சந்திப்புக்கு ஏறும் ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னால் உருள ஆரம்பித்துவிடும். சென்னையின் சமதரையில் ஓட்டிப் பழகிய கை தேர்ந்த ஓட்டுநருக்கும் அங்கே ஒரு கணம் வியர்க்கும். கவடியார் அரண்மனையிலிருந்து வெள்ளயம்பலம் வரை நீளும் அகலச் சாலை மட்டும் ஊருக்கு விதிவிலக்கு. அரச ஊர்வலங்களுக்குப் பொருத்தமான அந்தச் சாலை, போக்குவரத்து ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் எல் போர்டுக்காரர்களுக்கும் பொருத்தமானதுதான்.

வயதில் மூத்தவர்கள் இந்த ஊரில் வண்டியின் வயதைப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கே.எல்.டி. என்று தொடங்கினால் அது பழைய திருவனந்தபுரத்து வண்டி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அது கே.எல். 01 ஆயிற்று. பின்னால் நகரம் பெருகப் பெருக, கழக்கூட்டத்துக்கு 22, நெய்யாற்றின்கரைக்கு 20 என்று எண்களும் பிரிந்தன. கே.எல். 15 மட்டும் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. அது அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு உரியது.

அந்த பஸ்களின் கதையும் ஒரு ஓட்டுநரின் கதையாகத்தான் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசு சொந்தமாக பஸ் விடத் தீர்மானித்தபோது, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தது. இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 காமர் சேஸிகள் வந்திறங்கின. அவற்றுக்குக் கூடு கட்டும் வேலை சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூரிலேயே நடந்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் சேவையைத் தொடங்கிவைத்தார். அவரையும் அரச குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸை ஓட்டியவர் வேறு யாருமல்ல, துறையின் தலைவரான சால்ட்டரேதான். அந்த பஸ்ஸும், பின்னால் 33 பஸ்களும் கவடியார் வரை போயின. ஒரு துறைத் தலைவர் தன் துறையின் வண்டியைத் தானே ஓட்டிக் காட்டுவது அதற்குப் பிறகு அபூர்வமாகிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அன்று திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போகும் சாலை ஒரே ராஜ்யத்துச் சாலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாடு தொடங்கியது. கோடு போட்ட பிறகும் லாரிகள் நிற்கவில்லை. திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவுக்குத் தமிழ்நாட்டுக் காய்கறியும் சரக்கும் இந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. இந்தப் பாதையில் லாரி ஓட்டியவர்கள் கற்றுக்கொண்ட விதம் டிரைவிங் ஸ்கூலுக்கும் சட்டப் புத்தகத்துக்கும் அப்பாற்பட்டது.

மலையாளத்தில் ஸ்டியரிங்குக்கு வளையம் என்று பெயர். லாரித் தொழிலில் வளையம் பிடிப்பதற்கு முன்னால் ஒருவன் பல வருடங்கள் 'கிளி'யாக இருக்க வேண்டும். கிளி என்றால் நம் ஊர் கிளீனர். வண்டி கழுவ வேண்டும், டயர் கழற்ற வேண்டும், ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஓட்டுநருக்கு ஆசான் என்று மரியாதை. ஆசான் மனமிரங்கினால் முதலில் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அப்புறம் ஒருநாள், நள்ளிரவுக்குப் பின், ஆளில்லாத சாலையில் வளையம் கைக்கு வரும். டெல்கோவும் டெய்ம்லர் பென்ஸும் கைகோத்து 1954-இல் கொண்டுவந்த டாடா மெர்சிடிஸ் லாரிகளில் தொடங்கி, ஒரு தலைமுறை முழுக்க இப்படித்தான் தேறியது. கியர் குறைக்க இரண்டு முறை கிளட்ச்சை மிதிக்க வேண்டும். நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட வேண்டும். கணக்குத் தப்பினால் பல்சக்கரங்கள் உரசுகிற சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆசான் எழுந்துவிடுவார். எழுந்தால் முதுகில் ஒன்று விழும். அந்தச் சத்தம் வராமல் கியர் போடத் தெரிந்தவன்தான் பாஸ். இவர்களுக்கு லைசென்ஸ் பிறகு வந்தது, அல்லது மெதுவாக வந்தது. இதைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. தூக்கம் கெட்ட சிறுவர்கள் கையில் பத்து டன் சரக்கு போய்க்கொண்டிருந்த காலம் அது.

நகரத்தின் இன்னொரு மூலையில், கடற்கரைக் கிராமமான தும்பாவில், வண்டி ஓட்டத் தெரியாத ஒருவரின் கதை நடந்தது. 1963 நவம்பர் 21-ஆம் தேதி நைக் அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியபோது, ஏவுதளத்தில் வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேரி மக்தலேனா தேவாலயம்தான் அலுவலகம். போக்குவரத்துக்கு இருந்தது ஒரே ஜீப். அது எப்போதும் யாருக்காவது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே இளம் பொறியாளர்கள் சைக்கிள் மிதித்தார்கள். ராக்கெட்டின் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியை பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்தார். உலகம் சுற்றிய படம் அது. அந்தக் குழுவில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒருவருக்கு மட்டும் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று உடன் பணியாற்றிய ஆர். அரவமுதன் 2017-இல் வந்த தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

தலைமைச் செயலகத்து ஊழியர்களும் பேராசிரியர்களும் நிறைந்த நகரத்தில் கார் என்பது நீண்ட நாள் வீட்டுக்கு வீடு இருக்கும் பொருளாக இல்லை. கார் ஓட்டத் தெரிந்தவர்களைவிட ஓட்டத் தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கற்றுக்கொள்ள முன்வந்தவர்களுக்கு எதிரே இருந்த தேர்வு மூன்றே மூன்று: அம்பாசடர், பியட், ஹெரால்டு.

அம்பாசடரும் பியட்டும் ஒரு விஷயத்தில் உறவு. இரண்டிலும் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது கைக்கு எட்டும் குச்சியாக இருந்தது. தரையில் எதுவும் இல்லாததால் முன் இருக்கை ஒரே பெஞ்சாக நீண்டிருக்கும். கற்பவர், கற்றுக்கொடுப்பவர், வேடிக்கை பார்க்க வந்த மைத்துனர் மூவரும் அதில் அடங்குவார்கள். முதல் கியர் எங்கே, பின்கியர் எங்கே என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. குச்சியைத் தன் பக்கம் இழுத்து மேலே, தள்ளிக் கீழே என்று மணிக்கட்டுதான் மனப்பாடம் செய்ய வேண்டும். பழைய அம்பாசடரில் முன்விளக்கைத் தாழ்த்தும் சுவிட்சும் தரையில்தான். இடது கால் கிளட்ச்சை விட்டுவிட்டு அதை மிதிக்கும். ஸ்டியரிங்கோ, வயலில் ஏர் பிடித்த கைக்குத்தான் இலகுவாக இருக்கும். காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். சுழற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் பாடம். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதறினால் விரல் முறியும். இப்படி எல்லாம் படுத்தினாலும், அம்பாசடரில் கற்றவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. அதை ஓட்டியவன் எதையும் ஓட்டுவான் என்பார்கள். அது பெருமளவு உண்மையும்கூட.

ஹெரால்டு வேறு ஜாதி. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் தயாரித்த இந்தக் காரில் கியர் தரையில் இருந்தது. எஞ்சின் மூடி முன்பக்கமாக முழுசாகச் சாயும். முன்சக்கரமும் எஞ்சினும் வெட்டவெளியில் நிற்கும். மற்ற கார்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பும் சந்தில் இது ஒரே மூச்சில் திரும்பிவிடும். சுமார் 25 அடி வட்டம் போதும். குறுகிய வளைவுகள் நிறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கார் இல்லை. ஆனால் உதிரிப் பொருளும் மெக்கானிக்கும் கிடைக்காமல் அது சீக்கிரமே நினைவாகிவிட்டது. ஹெரால்டில் கற்றவர்கள் அதிகம் இல்லை. இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதும் இல்லை.

கார் மீதான பிரியத்துக்கு ஊர் காட்டும் உதாரணம் அரண்மனையில் இருக்கிறது. 2013 டிசம்பரில் காலமான உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரைக் கடைசிவரை கைவிடவில்லை. பெங்களூரில் பதிவு செய்த அந்தக் காரின் எண் சி.ஏ.என். 42. தானே ஓட்டுவதில் அவருக்கு இருந்த ஆசையும், கார் ஓடிய தூரத்துக்காகத் தயாரித்த நிறுவனமே தந்த பதக்கங்களும் ஊரறிந்தவை. பதிலுக்குப் புதுக் கார் தருவதாக நிறுவனம் கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள்.

சாமானியர்களின் கை, கால் பழக்கத்தை மாற்றியது 1983 டிசம்பர் 14. அன்றுதான் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். 796 சி.சி. எஞ்சின், தரையில் கியர், சின்னஞ்சிறு உடம்பு. அதுவரை கார் ஓட்டுவது பலம் சம்பந்தப்பட்ட வேலையாக இருந்தது. இப்போது விரல் நுனி வேலையாயிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களின் எண்ணிக்கை கேரளத்து நகரங்களில் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தது மாருதிக்குப் பிறகுதான். டிரைவிங் ஸ்கூல்காரர்களும் மெல்ல அம்பாசடரை விற்று மாருதிக்கு மாறினார்கள். மாருதியில் கற்றுவிட்டு அப்பாவின் அம்பாசடரில் உட்கார்ந்த பிள்ளைகள், கியரைத் தரையில் தேடிக் கையால் வெறும் காற்றைப் பிடித்தார்கள். அப்பாக்கள் மாருதியில் ஏறியபோது ஸ்டியரிங்குக்குக் கீழே தேடி வைப்பரைப் போட்டுவிட்டார்கள். 2014-ஆம் வருடம் இரண்டுக்குமே கடைசி வருடமாக அமைந்தது. ஜனவரியில் மாருதி 800 நின்றது, மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது.

இருசக்கரத்தில் இதே மாற்றம் வேறு வழியில் வந்தது. பஜாஜ் சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டுப் பல வருடம் காத்திருந்த காலத்தில், அலுவலகத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தால் அதில் ஐந்து பேர் கற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரரின் பெட்ரோல், நண்பர்களின் கீறல். சேத்தக் ஒரு பக்கமாகக் கனக்கும் வண்டி. எஞ்சின் வலப்புறம் என்பதால் நேராகப் போவதே ஒரு கலை. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 கியர் தொல்லையை நீக்கியது. 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா கியரோடு உதைப்பதையும் நீக்கியது. பொத்தானை அமுக்கினால் கிளம்பும். புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அதுவரை ஸ்கூட்டர் விற்றவர்களுக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். இன்று ஆக்டிவாவில் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு எட்டு போடுவது ஒரு காலை நேரத்து வேலை. சேத்தக் என்ற பெயர்கூட 2020-இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்துவிட்டது. அதில் கியரும் இல்லை, சத்தமும் இல்லை, சாய்த்துக் கிளப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

கேரளத்தில் லைசென்ஸுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அது வளைகுடாவுக்குப் போகும் வழி. தையலோ தச்சோ தெரியாதவருக்கும் வண்டி ஓட்டத் தெரிந்தால் ஒரு விசா கிடைக்கும் என்ற நம்பிக்கை, தென் கேரளத்தின் எத்தனையோ வீடுகளில் வாசற்கதவு மாற்றியிருக்கிறது. போனபின் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி சாலையின் வலப்பக்கம். பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும், மறுபடி தேர்வு எழுத வேண்டும். முதல் வண்டி கற்றுக்கொடுத்த பழக்கத்தை மறப்பதற்கு அங்கே பணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் நகையை அடகு வைத்துப் போனவருக்கு, முதல் முறை தோற்பது என்றால் ஒரு மாதச் சம்பளம் தோற்பது.

ஆகவே 2024-இல் கேரளத்தில் ஓட்டுநர் தேர்வு பற்றி எழுந்த சண்டை வெறும் விதிமுறைச் சண்டை இல்லை. இருசக்கரத்துக்கு எட்டு என்றால் காருக்கு எச். ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் கம்பிகளை நட்டு, நடுவே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பி விழுந்தால் தோல்வி. மலையாளிகள் பேச்சில் 'எட்டும் எச்சும்' என்றால் லைசென்ஸ் என்றே அர்த்தம். பல ஆண்டுகளில் டிரைவிங் ஸ்கூல்கள் இதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டன. பின் கண்ணாடியின் ஓரத்தில் இரண்டாவது கம்பி தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடி. கண்ணாடி நடுவுக்கு வந்ததும் நேராக்கு. சூத்திரம் ஸ்கூல் காருக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு காரில் ஏறினால் கம்பியும் தெரியாது, சாலையில் கம்பியும் இருக்காது. போதாக்குறைக்கு ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். மாணவர் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஓட்டுவது பக்கத்து இருக்கையின் கால்கள்.

2023 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சரான கே.பி. கணேஷ்குமார் ஒரு திரைப்பட நடிகரும்கூட. அவர் கிளப்பிய கேள்வி நியாயமானது: ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரே நாளில் நூறு பேருக்குமேல் எப்படித் தேர்வு நடத்துகிறார்? ஆறு மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்தாலும் ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாது. ஏப்ரல் இறுதியில், அப்படித் தேர்வு நடத்தியவர்களை முட்டத்தரைக்கே வரவழைத்து, மேலதிகாரிகள் முன்னிலையில் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அதற்கு முன்பே பிப்ரவரியில் போக்குவரத்து ஆணையரின் சுற்றறிக்கை வந்திருந்தது. எச்சுக்குப் பதிலாக வண்டிகளுக்கு இடையே நிறுத்துவது, வளைந்து வளைந்து ஓட்டுவது, ஏற்றத்தில் நின்று கிளம்புவது போன்ற சோதனைகள். 15 வருடத்துக்கு மேற்பட்ட கார்கள் கூடாது. இரட்டைப் பெடல் கூடாது. கைகியர் இருசக்கரம் கூடாது.

மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். முட்டத்தரை உள்பட பல மைதானங்களில் தேர்வே நடக்கவில்லை. விவகாரம் உயர்நீதிமன்றப் படியும் ஏறியது. அவர்களுடைய வாதத்தைப் பிழைப்பு வாதம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒன்றிரண்டு பழைய மாருதிகளையும் ஒரு எம்.80-ஐயும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும் சிறிய ஸ்கூல்தான் மாநிலத்தில் அதிகம். மாணவர் கியரை உரசி, கிளட்ச்சைத் தேய்த்து, சுவரில் இடித்துக் கற்றுக்கொள்ளும் கார் அது. புதிய காரை அந்த வேலைக்கு விட்டால் அதன் தவணை, மாணவரின் கட்டணத்தில்தான் வந்து விழும். கூலி வேலைக்குப் போகும் இளைஞருக்கு லைசென்ஸ் எட்டாத உயரத்துக்குப் போகும். ஏற்றத்தில் இரட்டைப் பெடல் இல்லாமல் முதல் நாள் மாணவரை உட்காரவைக்க எந்த ஆசானுக்கும் தைரியம் வராது என்பதும் உண்மை. இந்த வாதத்துக்கு அரசுத் தரப்பில் முழுமையான பதில் வரவில்லை. மே நடுவில் பேச்சுவார்த்தை நடந்தது. 15 வருடம் 18 ஆனது, இரட்டைப் பெடலுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது, ஒரு ஆய்வாளருக்கு ஒரு நாளில் 40 தேர்வு என்று முடிவாயிற்று. புதிய சோதனைகளுக்கு மைதானமே தயாராகாததால் எச் தப்பித்தது. சமரசத்தில் இடம் கிடைக்காமல் வெளியே போனது எம்.80 மட்டும். அதற்காக வாதாட அதைத் தயாரித்தவர்கள்கூட முன்வரும் காலம் கடந்துவிட்டது.

அரசு தன் வாதத்துக்கு இன்னொரு வழியிலும் பதில் சொல்ல முயன்றது. 2024 ஜூனில் திருவனந்தபுரத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகமே டிரைவிங் ஸ்கூல் தொடங்கியது. முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்துவைத்தார். தொடக்கக் கட்டணம் காருக்கு 9,000 ரூபாய், இருசக்கரத்துக்கு 3,500, இரண்டும் சேர்ந்தால் 11,000. தனியார் கட்டணத்தைவிடக் குறைவு என்பது அரசின் விளம்பரம். சால்ட்டர் 1938-இல் ஓட்டிக் காட்டிய அதே துறையின் வாரிசு, 86 வருடம் கழித்து மற்றவர்களுக்கு வளையம் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வந்தது. பஸ் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் அங்கே இடமுண்டு. கிளியாக நான்கு வருடம் இருக்க வேண்டியதில்லை. நள்ளிரவு வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

நகரம் அதற்குள் இன்னொரு படி போய்விட்டது. கழக்கூட்டத்து மென்பொருள் அலுவலகங்களின் வாசலில் கியரே இல்லாத கார்கள் பெருகுகின்றன. ஏற்றத்தில் நின்றால் அவற்றில் பல தாமாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியை முதல் வண்டியாகப் பெறுகிறவர்களுக்குப் பிளாமூட்டு ஏற்றம் ஒரு சாதாரணச் சாலை. மற்றவர்களுக்கு இன்னும் இல்லை. காலை பத்து மணி நெரிசலில், பி.எம்.ஜி. சிக்னலுக்குக் கீழே எல் போர்டு மாட்டிய ஆல்ட்டோ ஒன்று நின்றால், பின்னால் வருகிற பஸ்காரர் நாலு அடி தள்ளியே நிறுத்துகிறார். பச்சை விழுகிறது. ஆல்ட்டோ ஒரு சாண் பின்னால் உருண்டு, உறுமி, அணைந்துவிடுகிறது. பக்கத்து இருக்கையிலிருந்து ஆசான் குரல் கொடுக்கிறார்: "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்."